சூப்பர் பௌல் 49: சியாட்டில் டிஃபென்ஸைப் பிரித்துப் போட்டுப் பார்த்தது

2014 பிப்ரவரி 2, அமெரிக்கக் கால்பந்தின் ஆண்டு இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் 48. டென்வரின் பேட்டன் மேனிங் 49 பாஸ் வீசினார், 34 பிடிக்கப்பட்டன. டென்வர் எடுத்தது 8 புள்ளி, சியாட்டில் 43. அடுத்த வருஷம், 2015 பிப்ரவரி 1, சூப்பர் பௌல் 49. நியூ இங்கிலாந்தின் டாம் பிரேடி 50 வீசினார், 37 பிடிக்கப்பட்டன. நியூ இங்கிலாந்து 28, சியாட்டில் 24. இரண்டு தடவையும் எதிரே நின்றது கிட்டத்தட்ட அதே சியாட்டில் டிஃபென்ஸ், அதாவது தடுக்கும் பக்கம். பந்தை வீசும் ஆட்டக்காரர்களான இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் பெரும்பாலும் சின்னச் சின்ன பாஸ்தான் போட்டார்கள். அப்படியிருக்க ஒருவருக்கு ஏன் 8, இன்னொருவருக்கு ஏன் 28?

இதற்கு ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். மேனிங் பெரிய ஆட்டத்தில் சொதப்புவார், பிரேடிக்கு நெஞ்சுரம் அதிகம், இப்படி. எனக்கு அதில் திருப்தி இல்லை. ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் நியூ இங்கிலாந்து பயிற்சியாளர்கள் என்ன வேலை செய்திருப்பார்களோ, அதை நானும் செய்து பார்ப்பது என்று இறங்கினேன். விதி இதுதான்: பிப்ரவரி 1-க்கு முந்தைய ஆட்டங்களின் வீடியோவை மட்டும் வைத்து சியாட்டில் டிஃபென்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஒரே பக்கத்தில் திட்டம் எழுத வேண்டும், அப்புறம்தான் இறுதி ஆட்டத்தைத் திறக்க வேண்டும். முடிவு எனக்குத் தெரியும்தான். ஆனால் ஸ்கோர் தெரிவது வேறு, ஒவ்வொரு ஸ்நாப்பிலும் யார் எங்கே நின்றார்கள் என்று தெரிவது வேறு.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்கு இது போதும்: தாக்கும் அணிக்கு நான்கு முயற்சி, அதற்குள் 10 யார்டு போனால் மறுபடி நான்கு. இரு பக்கமும் 11 பேர். பந்தைப் பின்னால் கொடுத்து முயற்சி தொடங்கும் கணம்தான் ஸ்நாப். தாக்கும் பக்கத்தில் ரிசீவர் பாஸைப் பிடிப்பவர், ரன்னிங் பேக் பந்தோடு ஓடுபவர், டைட் எண்ட் எதிரியைத் தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்யும் பெரிய ஆள். தடுக்கும் பக்கத்தில் முன்வரிசைக்குப் பின்னால் லைன்பேக்கர்கள், ஓரத்து ரிசீவர்களைக் காக்கும் கார்னர்கள், கடைசியில் ஆழத்தில் சேஃப்டிகள். பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்த்தால் டச் டவுன். மூன்றாவது முயற்சியிலும் தேறாவிட்டால் பெரும்பாலும் பந்தை உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால் மூன்றாவது முயற்சிதான் உயிர்நிலை.

முதல் வேலை, எந்தெந்த ஆட்டத்தைப் பார்ப்பது. எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று தோன்றும், வேண்டாம். பருவத்தின் சராசரிக் கணக்கு கெட்டிக்காரத்தனமாகத் தெரியும், ஆனால் பாதிக்குப் பாதி பொய் சொல்லும். சியாட்டில் 2014-ல் 12 ஆட்டம் வென்று 4 தோற்றது. தோற்ற நான்கில் செயிண்ட் லூயிஸ் ராம்ஸ் ஆட்டத்தைத் தள்ளிவிட்டேன். அது உதைத்த பந்தை வைத்துச் செய்த தந்திரங்களால் போன ஆட்டம், டிஃபென்ஸைப் பற்றி அதிகம் சொல்லாது. மிச்சம் மூன்று: செப்டம்பரில் சான் டியாகோவில் 30-21, அக்டோபரில் சொந்த மைதானத்தில் டல்லாஸிடம் 30-23, நவம்பரில் கன்சாஸ் சிட்டியில் 24-20. கடைசியாகச் சொன்னதில் ஜமால் சார்ல்ஸ் 159 யார்டு ஓடினார். அடடா, ஓட்டத்தால் உடைக்கலாம் போலிருக்கிறதே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அன்றைக்கு நடு லைன்பேக்கர் பாபி வாக்னர் மைதானத்திலேயே இல்லை. கால் விரல் காயத்தால் ஐந்து ஆட்டம் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பி வந்ததும் சியாட்டில் தொடர்ந்து ஆறு ஆட்டம் வென்றது, அந்த ஆறிலும் சேர்த்துக் கொடுத்த புள்ளி 39. ஆட்டத்துக்கு 6.5. ஆகவே கன்சாஸ் சிட்டி வீடியோவில் ஓட்டங்களை எல்லாம் தாளில் சாம்பல் நிறத்தில் வைத்தேன், எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

இவற்றோடு, அந்த ஆறு ஆட்ட வரிசையிலிருந்து இரண்டு, ஜனவரி 18-ல் கிரீன் பே பேக்கர்ஸுடன் நடந்த மாநாட்டு இறுதிப் போட்டி (சூப்பர் பௌலுக்கு முந்தைய அரையிறுதி), அப்புறம் முந்தைய வருஷத்து டென்வர் ஆட்டம். டென்வர் ஆட்டம் ஒரு வருஷம் பழையது. ஆனால் என் கேள்வியே அதில்தான் இருக்கிறது, விட முடியாது.

டிவி ஒளிபரப்பை வைத்து இந்த வேலை ஆகாது. டிவி கேமரா பந்தைத் துரத்தும். சேஃப்டிகள் இருவரும் சட்டகத்துக்கு வெளியே நிற்பார்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. சந்தா கட்டினால் கிடைக்கும் ஆல்-22 வீடியோதான் வேண்டும்: 22 பேரும் தெரிகிற மாதிரி உயரத்திலிருந்து பக்கவாட்டில் ஒரு கோணம், கோல் முனையிலிருந்து இன்னொரு கோணம். வர்ணனை கிடையாது, ரீப்ளே கிடையாது. முதலில் சலிப்பாக இருக்கும்; பழகிவிட்டால் வர்ணனையோடு பார்ப்பது சிரமமாகிவிடும்.

தாளில் நான் போட்ட பத்திகள் ரொம்பச் சாதாரணம். எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை யார்டு, பந்து மைதானத்தின் இடமா வலமா, தாக்குதலில் எத்தனை ரன்னிங் பேக், எத்தனை டைட் எண்ட், ரிசீவர்கள் இரண்டுக்கு இரண்டா மூன்றுக்கு ஒன்றா, ஸ்நாப்புக்கு முன் ஆழத்தில் எத்தனை சேஃப்டி, ஸ்நாப்புக்குப் பின் எத்தனை, குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்தவர்கள் எத்தனை பேர், என்ன கவரேஜ் (ரிசீவர்களைக் காக்கும் முறை), என்ன ஆயிற்று. ஒவ்வொரு ஸ்நாப்பையும் மூன்று தரம் ஓட்டுவேன்: ஒரு தரம் சேஃப்டிகள், ஒரு தரம் லைன்பேக்கர்கள், ஒரு தரம் ஓரத்து கார்னர்கள். பந்தைப் பார்க்கவே கூடாது. கண் தானாகப் பந்துக்குப் போகும். அதை இழுத்து நிறுத்துவதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி.

கவரேஜ் பத்தியில்தான் முதலில் வண்டி நின்றது. சியாட்டில் அதிகம் ஆடியது இரண்டு வகை. ஒன்று கவர் 3: ஆழத்தை மூன்றாகப் பிரித்து நடுவில் சேஃப்டி ஏர்ல் தாமஸ், இரு ஓரத்தில் இரண்டு கார்னர்கள், அவர்களுக்கு முன்னால் நான்கு பேர் பகுதி பகுதியாகக் காவல், மீதி நான்கு பேர் குவார்ட்டர்பேக் மீது பாய்வார்கள். இன்னொன்று கவர் 1: தாமஸ் மட்டும் ஆழத்தில் தனியாள், மற்றவர்கள் ஆளுக்கு ஆள். ஸ்நாப்புக்கு முன் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். நடுவில் தாமஸ், இன்னொரு சேஃப்டி கேம் சான்செலர் கீழே இறங்கி லைன்பேக்கர் மாதிரி நிற்பார், கார்னர்கள் ரிசீவர் முகத்துக்கு முகம்.

வழக்கமாகச் சொல்லித்தரும் அடையாளம், கார்னரின் உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது. பகுதிக் காவல் என்றால் முதுகை ஓரக்கோட்டுக்குக் கொடுத்துக் குவார்ட்டர்பேக்கைப் பார்த்துக்கொண்டே பின்வாங்குவார். ஆளுக்கு ஆள் என்றால் ரிசீவரைப் பார்த்தபடி ஓடுவார். சியாட்டிலில் இந்தப் பருப்பு வேகாது. கார்னர் ரிச்சர்ட் ஷெர்மன் கவர் 3-லும் ரிசீவர் நெஞ்சில் கை வைத்துத் தடுத்துவிட்டு, அவர் நேராக ஓடினால் கூடவே ஓடுவார். அவர் காவல் காக்க வேண்டிய பகுதியும் அதுதான், ரிசீவர் போவதும் அங்கேதான். ஆகவே பகுதிக் காவலா ஆள் காவலா என்று அவரை வைத்துச் சொல்லவே முடியாது.

நான் கண்டுகொண்ட வழி, ஷெர்மனை விட்டுவிட்டு நடுவே ஓடும் ரிசீவரைப் பிடித்துக்கொள்வது. ஒருவர் இடமிருந்து வலமாகக் குறுக்கே ஓடுகிறார் என்று வையுங்கள். லைன்பேக்கர் கே. ஜே. ரைட் அவரோடு மூன்று எட்டு ஓடிவிட்டு நின்று, கையை நீட்டி அடுத்தவரிடம் ஒப்படைத்தால் கவர் 3. விடாமல் பின்னாலேயே போனால் கவர் 1. குறுக்கே யாரும் ஓடவில்லையென்றால், ஸ்நாப்புக்கு முன் இடம் மாறும் ரிசீவரைப் பார்ப்பேன்: எதிரே நின்றவர் கூடவே நடந்தால் ஆள் காவல், கைகாட்டிவிட்டு அங்கேயே நின்றால் பகுதி. இரண்டும் இல்லையென்றால் பத்தியில் கேள்விக்குறி. கேள்விக்குறி போடத் தயங்கினால் தாள் அழகாக இருக்கும், உபயோகம் இருக்காது.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த முதல் முடிவு கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சியாட்டில் எதையும் ஒளிப்பதில்லை. ஸ்நாப்புக்கு முன் ஆழத்தில் ஒருவர் என்றால் ஸ்நாப்புக்குப் பின்னும் ஒருவர்தான். நான்கு பேர்தான் பாய்வார்கள், கூடுதல் ஆளை அனுப்பும் பிளிட்ஸ் அபூர்வம். பெரும்பாலும் ஷெர்மன் இடப்பக்கம், பைரன் மேக்ஸ்வெல் வலப்பக்கம். பயிற்சியாளர் பீட் கேரலும் டிஃபென்ஸ் பொறுப்பாளர் டான் குவினும் எதிரியைக் குழப்புவதில் நேரம் செலவழிக்கவில்லை. இதைத்தான் ஆடுவோம், முடிந்தால் அடித்துக்கொள் என்கிற பாணி. 2014 முதல் ஆட்டத்தில் கிரீன் பேயின் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் ஷெர்மன் பக்கம் ஒரு பாஸ்கூட வீசவில்லை. மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சும்மா விட்டுவிட்டு ஆடினார், 36-16 என்று தோற்றார். ஷெர்மனுக்குப் பயந்தது தவறு என்று சொல்ல வரவில்லை. பயந்ததற்கு ஏதாவது பிரதிபலன் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒளிக்காத டிஃபென்ஸில் ரகசியம் தேடிப் பயனில்லை. ஆழத்தையும் ஓரத்தையும் இவ்வளவு கெட்டியாகக் காப்பதற்கு அவர்கள் எங்கே விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் தேட வேண்டியது. விட்டுக்கொடுப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்: லைன்பேக்கர்களுக்கு முன்னால் ஐந்தாறு யார்டு. அதை எடுத்துக்கொண்டே போனால் போதாதா? மேனிங் அதைத்தானே செய்தார். டென்வர் ரிசீவர் டிமேரியஸ் தாமஸ் அன்று 13 பாஸ் பிடித்தார், அப்போதைய சூப்பர் பௌல் சாதனை. கிடைத்தது 118 யார்டு.

இங்கேதான் தாளில் புதிதாக இரண்டு பத்தி சேர்த்தேன். பந்தைப் பிடித்த இடம், ஆள் விழுந்த இடம். டென்வர் ஆட்டத்தில் இந்த இரண்டு எண்ணும் வரிக்கு வரி ஒட்டிக்கொண்டே போயின. பிடித்த இடத்திலேயே விழுந்தார்கள். ஏன் என்று பார்க்க அந்த ஸ்நாப்புகளைத் திரும்ப ஓட்டினேன். முதல் பாதியில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். டிமேரியஸ் தாமஸ் பந்து வைக்கப்பட்ட கோட்டுக்குச் சற்று அப்பால் குறுக்கே ஓடுகிறார். பந்தைப் பார்க்கத் தலையைப் பின்னால் திருப்புகிறார். சான்செலர் அந்தப் பகுதியில் மேனிங்கையே பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். மேனிங் கை பின்னால் போனதுமே சான்செலர் கிளம்பிவிட்டார். பந்தும் அவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். 105 கிலோ ஆள். தாமஸ் பிடித்துவிட்டார், பாஸ் கணக்கில் ஏறிவிட்டது, முன்னேற்றம்தான் இல்லை.

பகுதிக் காவலின் பலம் இதுதான். எல்லாக் கண்ணும் பந்து மேல் இருக்கும். குறுக்கே ஓடுபவர் ஓட ஓட, காத்திருப்பவனின் மடியில் போய் விழுகிறார். இன்னொரு பத்தி போட்டேன்: பிடிக்கும்போது ரிசீவரின் ஓட்டம் எந்தத் திசையில், அவருக்கு மிக அருகில் நிற்பவர் பந்தைப் பார்க்கிறாரா ஆளைப் பார்க்கிறாரா. இந்தப் பத்திதான் மொத்த வேலையிலும் உருப்படியானது. மீதியெல்லாம் யாரும் போடுவது.

இந்தப் பத்தியை வைத்துக்கொண்டு சான் டியாகோ ஆட்டத்துக்குப் போனேன். அதன் குவார்ட்டர்பேக் பிலிப் ரிவர்ஸ் 37 பாஸில் 28 சேர்த்தார். மூன்று டச் டவுன், மூன்றும் டைட் எண்ட் அன்டோனியோ கேட்ஸுக்கு. கேட்ஸுக்கு அப்போது 34 வயது, வேகம் போய்விட்டது. ஆனால் அவர் குறுக்கே நீளமாக ஓடவில்லை. ஒரு பக்கம் போவதுபோல் தோளைக் காட்டி, காவல்காரர் எடையை அந்தப் பக்கம் மாற்றியதும் எதிர்ப்பக்கம் திரும்பினார். காவல்காரரின் கண் பந்தை விட்டு கேட்ஸ் மேல் போயிருந்தது. அன்று சான் டியாகோ 42 நிமிடத்துக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்திருந்தது, 60 நிமிட ஆட்டத்தில். வெயில் வேறு. நான்காவது கால்பகுதியில் சியாட்டிலின் முன்வரிசை நால்வர் பாய்வதை முதல் கால்பகுதியோடு அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வேறு ஆட்கள் என்று நினைப்பீர்கள்.

டல்லாஸ் ஆட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். மூன்றாவது முயற்சி, இன்னும் 20 யார்டு, டோனி ரோமோ ஓரக்கோட்டில் டெரன்ஸ் வில்லியம்ஸுக்குச் சேர்த்தது அபாரம். ஆனால் அபாரமான பாஸைத் திட்டத்தில் எழுத முடியாது. டிமார்கோ மர்ரி 115 யார்டு ஓடினார். அந்த ஓட்டத்துக்கு டல்லாஸின் முன்வரிசை வேண்டும். நியூ இங்கிலாந்திடம் அது கிடையாது.

அடுத்து, டைட் எண்டையோ ரன்னிங் பேக்கையோ ரிசீவர் மாதிரி ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் கூடப் போவது யார் என்ற பத்தி. இது ஸ்நாப்புக்கு முன்பே பதில் சொல்லும் பத்தி, அதனால் குவார்ட்டர்பேக்குக்குத் தங்கம். லைன்பேக்கர் கூடப் போனால் ஆள் காவல், பொருந்தாத ஜோடி. கார்னர் அங்கேயே இருந்து, லைன்பேக்கர் உள்ளே தங்கினால் பகுதிக் காவல்; அப்போது உள்ளே நிற்கும் சின்ன ரிசீவருக்கு எதிரே லைன்பேக்கர் மாட்டுவார். எப்படிப் போனாலும் தாக்குபவருக்கு ஒன்று கிடைக்கும். அதோடு ஷெர்மன் இடம் மாறாதவர் என்பதால், அவர் எதிரே ஒரு ரன்னிங் பேக்கை நிறுத்திவிட்டால் உலகத்தின் சிறந்த கார்னர் ஒருவர் பெரும்பாலும் பாஸே வராத ஆளுக்குக் காவல் நிற்பார். ராட்ஜர்ஸ் வாங்காத பிரதிபலன் இது.

கடைசியாக, மூன்றாவது கார்னர். ஷெர்மன், மேக்ஸ்வெல், தாமஸ், சான்செலர் என்று நான்கு பேரைப் பற்றித்தான் ஊரே பேசும். ஆனால் எதிரணி மூன்று ரிசீவர் வைத்தால் ஐந்தாவதாக ஒருவர் வந்தாக வேண்டும். அது பெரும்பாலும் ஜெரமி லேன். மோசமான ஆட்டக்காரர் இல்லை, ஆனால் அந்த நால்வரின் தரமும் இல்லை. எதிரில் நியூ இங்கிலாந்து ரிசீவர் ஜூலியன் எடல்மன் நிற்கப் போகிறார்.

கோல் கோட்டுப் பக்கத்து ஸ்நாப்புகளைத் தனியாகப் பிரித்தபோது எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தது. அதிலிருந்து சதவீதம் எடுப்பது வீண். ஓட்டிப் பார்த்துக் குறிப்பு மட்டும் எழுதினேன். கோட்டுக்கு அருகில் ஆழம் என்பதே இல்லாததால் ஏர்ல் தாமஸின் வேகம் அங்கே பாதி செல்லாது. பதிலுக்குச் சியாட்டில் ஆளுக்கு ஆள் நின்று, கார்னர்கள் உட்பக்கத்தை அடைத்துக்கொள்வார்கள், உள்ளே வெட்டி ஓடும் பாஸைத் தடுக்க. கிரீன் பே மாநாட்டு இறுதியில் தொடக்கத்திலேயே இரண்டு தரம் கோட்டை ஒட்டி வந்தும் டச் டவுன் எடுக்காமல், பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து மூன்று மூன்று புள்ளியோடு திரும்பியது. இடைவேளையில் 16-0 என்று முன்னிலை. கடைசியில் கூடுதல் நேரத்தில் 28-22 என்று தோல்வி. அந்த இரண்டு வாய்ப்பில் ஒன்று டச் டவுன் ஆகியிருந்தால் சியாட்டில் சூப்பர் பௌலுக்கே வந்திருக்காது.

இவ்வளவையும் ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதினேன். ஓட்டத்தை நம்ப வேண்டாம். பேருக்கு ஓடினால் போதும். பாஸ் சின்னதாக இருக்கட்டும், ஆனால் குறுக்கே நீளமாக ஓடாமல் நின்று திரும்பும் ரூட்டுகள் (ரிசீவர் ஓடும் பாதைகள்). ரன்னிங் பேக் ஷேன் வெரீனை ஓரத்துக்கு அனுப்பிக் கவரேஜைக் கேட்டுத் தெரிந்துகொள். டைட் எண்ட் ராப் கிராங்கௌஸ்கியைத் தனியாக ஓரத்தில் நிறுத்து. லைன்பேக்கர் கூடப் போனால் ஆழமாக வீசு, மற்ற நேரம் ஆழம் வேண்டாம். மூன்றாவது கார்னரைத் தேடிப் போ. கோட்டுக்குப் பக்கத்தில் உள்ளே வெட்டுவதுபோல் காட்டி வெளியே திரும்பு. பந்தை நீண்ட நேரம் கையில் வை, முன்வரிசை நால்வர் களைத்துப் போகட்டும்.

சரி, இப்போது இறுதி ஆட்டம்.

நியூ இங்கிலாந்து அன்று 21 தரம்தான் ஓடியது, மொத்தம் 57 யார்டு. அதில் ஆச்சரியமில்லை. முதல் கால்பகுதியில் பிரேடி கோல் பக்கம் வந்து ஒரு பாஸை வீச, பிடித்தது லேன், அதாவது நான் வட்டம் போட்டு வைத்திருந்த மூன்றாவது கார்னரேதான். பிடித்து ஓடும்போது எடல்மன் வீழ்த்தியதில் அவர் கை உடைந்தது, வெளியே போய்விட்டார். உள்ளே வந்தவர் தரோல்ட் சைமன். என் தாளில் சைமனுக்கு வரியே கிடையாது. நியூ இங்கிலாந்து பெஞ்சில் யாரும் அவசரப்பட்ட மாதிரி தெரியவில்லை. இரண்டாம் கால்பகுதியில் பிராண்டன் லஃபெல் சைமனுக்கு எதிரே உள்ளே வெட்டி 11 யார்டு டச் டவுன் பிடித்தார். கார்னர் வரிசையில் கீழே யார் இருக்கிறாரோ அவரைத் தேடு என்று எழுதுவதுதான் சரி, பேரைப் போட்டு எழுதக் கூடாது.

இடைவேளைக்கு 31 விநாடி இருக்கும்போது கிராங்கௌஸ்கி ஓரத்தில் போய் நிற்கிறார். ரைட் கூடவே போகிறார். ஆல்-22-ல் இதை ஸ்நாப்புக்கு முன் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு லைன்பேக்கர், பின்னால் உதவிக்கு யாருமில்லை, ஏர்ல் தாமஸ் நடுவில் தொலைவில். நேராக ஓடினார், 22 யார்டு, டச் டவுன். பிரேடிக்கு விடை ஸ்நாப்புக்கு முன்பே கையில் வந்துவிட்டது.

வெரீன் 11 பாஸ் பிடித்து 64 யார்டு. பார்த்தால் டென்வர் கணக்கைவிட மோசமாகத் தெரியும். ஆனால் வெரீன் பிடித்த ஒவ்வொன்றும் மூன்றாவது முயற்சியைச் சின்னதாக்கியது. அவர் வெளியே நின்றதால் உள்ளே காலியான இடம் எடல்மனுக்குப் போனது. அவருக்கு 9 பாஸ், 109 யார்டு.

மூன்றாம் கால்பகுதியில் எல்லாம் கைநழுவியது. வாக்னர் ஒரு பாஸைப் பறித்தார், சியாட்டில் 24-14. அப்போது ஒருவர் நடந்து வெளியே போனதை டிவியில் பார்த்தவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள்: சியாட்டிலின் கிளிஃப் ஏவ்ரில், தலையில் அடி. முந்தைய வருஷம் மேனிங்கின் கையைத் தட்டிப் பந்தைக் காற்றில் எழுப்பிய அதே ஏவ்ரில். பாயும் நால்வரில் நம்பிக்கையான ஒருவர் போனதும் பிரேடிக்கு அரை விநாடி கூடுதலாகக் கிடைத்தது. நிறுத்து கடிகாரம் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, கண்ணுக்கே தெரியும். நான்காம் கால்பகுதியில் பிரேடி 15-ல் 13, 124 யார்டு, இரண்டு டச் டவுன். இதில் மூன்றாவது முயற்சி, இன்னும் 14 யார்டு என்ற நெருக்கடியில் எடல்மன் நடுவில் 21 யார்டு பிடித்து, சான்செலரின் முழு மோதலையும் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தே ஓடியது என் திட்டத்தில் எந்த வரியிலும் வராது. அது துணிச்சல். அதற்கும் பத்தி போட்டால்தான் உண்டு.

கோட்டுக்குப் பக்கத்தில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நான்காம் கால்பகுதியில் முதல் தரம் கோட்டருகே வந்தபோதே எடல்மன் சைமனுக்கு எதிரே உள்ளே வெட்டுவதுபோல் காட்டி வெளியே திரும்பினார். சைமன் உள்ளே சாய்ந்துவிட்டார், எடல்மன் தன்னந்தனியாக நின்றார். பிரேடி பாஸைத் தவறவிட்டார். பிறகு டேனி அமெண்டோலாவுக்கு வீசி 24-21 ஆனது. அடுத்த முறை கோட்டுக்கு மூன்று யார்டு, இரண்டு நிமிடம் சொச்சம் பாக்கி. மறுபடியும் அதே ரூட், அதே சைமன், அதே பக்கம் சாய்வு. இந்தத் தடவை பந்து சரியாக வந்தது. 28-24. பலித்த திட்டத்தைத் திரும்பச் செய்ய யாருக்கும் தைரியம் வரும். பலிக்காமல் போனதை, திட்டம் சரி பாஸ்தான் தவறு என்று பிரித்துப் பார்த்துத் திரும்பச் செய்வதற்கு வீடியோ அறையில் செய்த வேலை மேல் நம்பிக்கை வேண்டும்.

ஆக, 8-க்கும் 28-க்கும் என் தாள் சொல்லும் காரணம் இப்படி: மேனிங் பகுதிக் காவலின் கண் முன்னால் குறுக்கே ஓடச் சொன்னார், பிரேடி காவல்காரர்களை ஆளைப் பார்க்க வைத்து, திரும்பும் ரூட்டுகளில் வீசினார், யார் பொருந்தாத ஜோடி என்பதை ஸ்நாப்புக்கு முன்பே தெரிந்துகொண்டு. ஆனால் அளவு தெரிந்து சொல்ல வேண்டும். ஷெர்மனுக்கு முழங்கை, ஏர்ல் தாமஸுக்குத் தோள், சான்செலருக்கு முழங்கால், மூன்று பேருமே காயத்தோடு ஆடினார்கள். லேனும் ஏவ்ரிலும் பாதியில் போனார்கள். டென்வரோ முதல் ஸ்நாப்பிலேயே பந்தைத் தலைக்கு மேல் விட்டுப் புள்ளி கொடுத்து, ஆட்டம் முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தது. துரத்தும் அணி ஓட்டத்தைக் கைவிடும், பாயும் நால்வருக்குக் கொண்டாட்டம். அப்புறம், கடைசி 20 விநாடியில் நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் கோட்டருகே பந்தைப் பறிக்காமல் போயிருந்தால், இந்தத் தாளுக்கு இன்று வேறு தலைப்பு இருந்திருக்கும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: பத்திகளைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள், கேள்வி வரும்போது சேருங்கள். பெரிய வித்தியாசத்தில் முடிந்துபோன ஆட்டத்தின் கடைசிப் பகுதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல், இரண்டாம் முயற்சிகளை மூன்றாவதோடு கலக்காதீர்கள். மூன்றாவதில் ஆடும் ஆட்களே வேறு. ஒரு ஆட்டத்துக்கு ஒரு சனி, ஞாயிறு போகும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதே தாளை இப்போது இன்னொன்றுக்குப் பயன்படுத்துகிறேன். டான் குவின் 2015-ல் அட்லாண்டாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய், அதே கவர் 3 பாணியைக் கொண்டுபோனார். 2017 பிப்ரவரி 5, சூப்பர் பௌல் 51-ல் அந்த அணியும் 28-3 என்று முன்னிலை பெற்று, அதே பிரேடியிடம் 34-28 என்று கூடுதல் நேரத்தில் தோற்றது. அன்று ரன்னிங் பேக் ஜேம்ஸ் வைட் பிடித்தது 14 பாஸ், டிமேரியஸ் தாமஸின் சாதனையைத் தாண்டி. அட்லாண்டா டிஃபென்ஸ் 93 ஸ்நாப் நின்றது. ‘கூடப் போவது யார்’ பத்தியையும் ‘விழுந்த இடம்’ பத்தியையும் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இடைவேளை வரை ஆகியிருக்கிறது, 21-3.